ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு வாடகைக்கோ ஒத்திக்கோ எடுக்கப் போகிறவர்களுக்கு

வேலை மாற்றலில் ராமநாதபுரம் பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது "தண்ணி எப்படி?" என்றுதான். அடுத்து வாடகை. இந்த வீட்டுக்கு எந்தச் சட்டம் பொருந்தும், உடைந்தால் யார் சரிசெய்ய வேண்டும், கொடுக்கிற அட்வான்ஸ் எப்படித் திரும்பி வரும் என்பதெல்லாம் வீடு காலி பண்ணும் நேரத்தில்தான் ஞாபகம் வருகிறது. அதற்குள் பணம் வீட்டுக்காரர் கையில், நாம் தெருவில்.

மருத்துவக் கல்லூரிக்கு, உச்சிப்புளி கடற்படைத் தளத்துக்கு, மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு, வங்கிக்கு, பள்ளிக்கு என்று வெளியூர்க்காரர்கள் வந்தபடியே இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. உள்ளூர்க்காரருக்குச் சண்டை வந்தால் பஞ்சாயத்துப் பேச மாமன், மச்சான் இருக்கிறார்கள். புதிதாக வந்தவருக்குக் கையில் இருக்கிற காகிதம்தான் ஆள். அந்தக் காகிதத்தில் என்ன வேண்டும் என்று கேட்க உங்களுக்கு வலு இருப்பது அட்வான்ஸ் கை மாறுகிற வரைக்கும்தான். அதனால் கீழே இருப்பதில் பாதிக்கு மேல் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்.

முதலில், வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது நகர்ப்புறத்துக்கான சட்டம். நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பொருந்தும். நம் கடலோரத்தில் ராமநாதபுரம், ராமேசுவரம், கீழக்கரை நகராட்சிகள். மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகள். உச்சிப்புளி, தேவிபட்டினம், பெரியபட்டினம் போன்றவை ஊராட்சிகள். அங்கே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் நீங்கள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும்தான் பேசும்.

பேச்சில் எல்லாரும் "ராமேஸ்வரம்" என்றுதான் சொல்வார்கள், வீடு அடுத்த ஊராட்சியில் இருக்கும். சந்தேகமே வேண்டாம், வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். மேலே நகராட்சி என்று இருக்கிறதா, ஊராட்சி என்று இருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ரசீதில் இருக்கும் பெயரையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு வருகிறேன்.

அரசுக் குடியிருப்புகள், நிறுவனம் தன் ஊழியருக்கு வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் வீடுகள், வக்ஃபு சொத்துகள் ஆகியவை 2017 சட்டத்துக்கு வெளியே. பள்ளிவாசலைச் சுற்றி இருக்கும் சில வரிசை வீடுகள் வக்ஃபுக்குச் சொந்தமானவை. அங்கே நிர்வாகக் குழுவிடம் எழுதி வாங்கிக்கொண்டு குடிபோவதே முறை.

யார் வீடு, யார் காட்டுகிறார்

கீழக்கரையில் வீட்டைப் பெண் மக்களுக்குக் கொடுப்பது வழக்கம். உங்களுக்கு வீட்டைத் திறந்து காட்டுகிறவர் வாப்பாவாக இருப்பார், மாமாவாக இருப்பார். பத்திரமும் வரி ரசீதும் மகள் பேரில் இருக்கும், அவர் துபாயிலோ சென்னையிலோ இருப்பார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த மகள், இல்லாவிட்டால் அவரிடம் பவர் பத்திரம் வாங்கியவர். "நான்தானே எல்லாம் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால், "சரி காக்கா, பவர் நகல் ஒண்ணு மட்டும் கொடுத்துருங்க" (காக்கா என்றால் இங்கே அண்ணன்) என்று கேட்டு வாங்குங்கள். வாடகையும் அட்வான்ஸும் யார் கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒருவர் அட்வான்ஸ் வாங்கியிருப்பார், இன்னொருவர் வந்து வாடகை கேட்பார்.

கடற்கரை ஓரமாக வரிசையாக இருக்கும் வீடுகளில் பட்டா இல்லாதவையும் உண்டு.  புறம்போக்கில் கட்டிய அந்த மாதிரி வீட்டுக்கு ஒத்தி, அதாவது மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகை, கொடுக்காதீர்கள்.

உப்பைப் பார்க்காமல் வீட்டைப் பார்க்காதீர்கள்

இந்தப் பக்கம் வீட்டின் எதிரி உப்புதான். கடல்காற்றில் வருகிறது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வருகிறது, சில வீடுகளில் கட்டும்போது போட்ட மணலிலேயே வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும்போது சிமெண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதனால் அறைக்குள் நுழைந்ததும் தரையையோ சுவரையோ பார்க்காமல் மேலே பாருங்கள். சிலாப்பில் கோடு கோடாகப் பழுப்பு நிறக் கறை, கம்பி ஓடும் திசையில் நேர்விரிசல், பூச்சு வயிறு உப்பியது போல இருப்பது, இவையெல்லாம் அறிகுறி. சுவரெல்லாம் பழைய பெயிண்டாக இருந்து கூரை மட்டும் பளிச்சென்று வெள்ளையடித்திருந்தால் காரணம் கேளுங்கள். ஒரு குச்சியால் தட்டினால் உள்ளே விட்டுப்போன இடம் பொத்தென்று வேறு சத்தம் கொடுக்கும். கட்டில் போடப் போகிற இடத்துக்கு நேர் மேலே இதைச் செய்து பார்ப்பது நல்லது.

அப்புறம் குழாய். பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். மோட்டாரைப் போடச் சொல்லி ஒரு கை பிடித்து வாயில் விட்டுப் பாருங்கள். கரிக்கிற தண்ணீர் என்றால் குளிக்க, துவைக்க அதுதான் என்று அர்த்தம். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வீட்டுக்குள் இருக்கிறதா தெருவிலா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, டேங்கர் தண்ணீர் வாங்கினால் காசு யார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் உண்மை வரும்.

மழைக்காலத்தையும் அதே அக்காவிடம் கேளுங்கள். இங்கே மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், மற்ற மாதங்களில் எந்தத் தெருவும் காய்ந்து நல்லாத்தான் தெரியும். 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அன்றைக்கு இந்த வீட்டுக்குள் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டால் கையைக் காட்டிச் சொல்வார்கள்.

பழுதுக்கு யார் பொறுப்பு

2017 சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இதைப் பிரித்தே சொல்கிறது. கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது குழாய்ப் பைப் மாற்றுவது, உள்ளும் வெளியும் ஓடும் மின் வயரிங் எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர்க் குழாய் வாஷர், குழாய், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும்.

இதைப் படித்துவிட்டு நம் ஊர் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். சிலாப் பெயர்ந்து விழுந்தால் அவர் செலவு, அதில் பேச்சே இல்லை. ஆனால் உப்புத் தண்ணீர் தின்னும் குழாயும் கீசரும் உங்கள் தலையில். பித்தளைக் குழாய், ஸ்டீல் குழாய் எல்லாம் இங்கே சீக்கிரம் சுத்தாமல் இறுகிவிடும். குடிபோகும் முன்பே எல்லாவற்றையும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றித் தரச் சொல்லுங்கள், வீட்டுக்காரருக்கும் பெரிய செலவில்லை. கீசர் இருந்தால், கரிக்கும் தண்ணீர் ஓடும் வீட்டில் அதை எடுத்துக்கொண்டு போகச் சொல்வதே நிம்மதி. இந்த ஊர் வெயிலுக்கு மேல்தொட்டித் தண்ணீரே போதுமான சூட்டில் வரும்.

தண்ணீர் மோட்டாரைப் பற்றி அட்டவணையில் தனியாக இல்லை. கழிவுநீர்த் தொட்டியை லாரி வைத்து உறிஞ்சுவதும் இல்லை. சண்டை வருவது இந்த இரண்டில்தான். மணல் பூமியில் நிலத்தடி நீர் மேலே இருப்பதால் மழைக்காலத்தில் தொட்டி சீக்கிரம் நிரம்பும். ஆகவே "மோட்டார் காயில் எரிந்தால் உரிமையாளர் செலவில் சரிசெய்து தர வேண்டும், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் செலவு இருவருக்கும் பாதிப் பாதி" என்பது மாதிரி நேராக இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

உரிமையாளர் தன் பங்குப் பழுதைச் சரிசெய்ய மறுத்தால், நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கழிப்பதற்கு முன் எழுதிக் கேட்டதற்கு ஆதாரம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சிலாப் படத்தை அனுப்பி, "அண்ணே, இது 3 நாளாக உதிருது, ஆள் அனுப்புங்க" என்று தேதியோடு ஒரு செய்தி போட்டு வைத்தால் பின்னால் உதவும். வேலை செய்தவரிடம் பில் வாங்குங்கள்.

அட்வான்ஸ்

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்பது சட்டவிரோதம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. சட்டத்தில் அந்த வரிக்கு முன்னால் "ஒப்பந்தத்தில் மாறாக இருந்தாலன்றி" என்று ஒரு விலக்கு இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் மூன்று மாதம் என்று சட்டம் பேச முடியாது. எனவே பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். "அரசாங்கச் சட்டமே மூணு மாசம்னுதான் சொல்லுது அண்ணே" என்று சொன்னால், மூன்றுக்கு வராவிட்டாலும் ஐந்துக்காவது இறங்கி வருவார்கள்.

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தாத்தான் தருவேன்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை, ஊர் வழக்கத்தில்தான் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்பி, குறிப்பில் "வீட்டு அட்வான்ஸ்" என்று போடுங்கள்.

ஒத்தி வீடு

மதுரை, ராமநாதபுரம் பக்கம் வந்த வெளிமாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கும். ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகை, மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ, வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியது. மாத வாடகை கிடையாது. பேசிய வருஷம் முடிந்ததும் வீட்டைக் கொடுத்துவிட்டு முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு போகலாம். கேட்க இனிமையாக இருக்கும். 4 லட்சம் ஒத்தி என்று வையுங்கள். அதை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 28,000 ரூபாய், அதாவது மாதம் 2,300 ரூபாய் சொச்சம். அந்த வீட்டின் வாடகை மாதம் 6,000 என்றால் ஒத்திதான் லாபம்.

ஆனால் ஒத்தி வாங்குகிற வீட்டுக்காரர் அந்தப் பணத்தைப் பெட்டியில் வைத்திருக்கப் போவதில்லை. மகள் கல்யாணம், படகு எஞ்சின், வெளிநாட்டு விசா, பழைய கடன் என்று ஏதோ ஒன்றுக்குப் போய்விடும். திரும்பிக் கொடுக்க அவர் நம்பியிருப்பது அடுத்த ஒத்திக்காரரை. அதனால் வாடகை வீட்டுக்குப் பார்ப்பதைப்போல நாலு மடங்கு பார்த்துத்தான் ஒத்திக்குப் போக வேண்டும்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள், அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் அதில் இருக்கும். சர்வே எண்ணை வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், தயங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். வங்கியில் பத்திரம் அடமானத்தில் இருந்தால் பெரும்பாலும் சான்றில் வந்துவிடும். தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் வராது. அதற்காகத்தான் மூலப்பத்திரத்தை, நகலை அல்ல, நேரில் பார்க்க வேண்டும் என்கிறேன். ஏற்கெனவே வங்கிக் கடன் உள்ள வீட்டுக்கு ஒத்தி கொடுக்காதீர்கள். கடன் கட்டாமல் வங்கி வீட்டை எடுக்க வந்தால், பின்னால் வந்த உங்களுக்குப் பிடிமானம் குறைவு.

ஒத்தி சட்டப்படி ஓர் அடமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அடமானத்தை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு சொல்கிறது. முத்திரைத்தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளும் ஒத்திப் பத்திரம் பணம் கொடுத்ததற்கு ஆதாரமாக வேண்டுமானால் நிற்கும், வீட்டின் மேல் உங்களுக்கு உரிமை கொடுக்காது. பதிவு செய்தால் செலவாகும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். "இவ்வளவு நாள் இந்த ஊர்ல யாரு தம்பி பதிஞ்சா?" என்பார். யாரும் பதியாததால்தான் நீதிமன்றத்தில் இத்தனை பேர் நிற்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், பதிவுக்குச் சம்மதிக்காத இடத்தில் ஒத்தி வேண்டாம், கொஞ்சம் கூடுதலானாலும் வாடகைக்கே போங்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது

2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். எழுதிய 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே செய்யலாம், பதிவு எண் கிடைக்கும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை இந்தச் சட்டத்தின்கீழ் உரிமை கேட்க ஆதாரமாகக் காட்ட முடியாது. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். யார் என்று கலெக்டர் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். வாடகை காலம் ஓராண்டுக்கு மேல் என்றால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் வேண்டும். அதனால்தான் எல்லாரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள்.

ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் அச்சடித்த படிவத்தை அப்படியே நிரப்பாதீர்கள். அதில் பாதி வரிகள் சென்னை மாடிக் குடியிருப்புக்கு எழுதியவை. நம் பக்கத்து வீட்டுக்குச் சேர்க்க வேண்டியவை வேறு. தண்ணீர், மோட்டார், கழிவுநீர்த் தொட்டி பற்றி மேலே சொல்லிவிட்டேன். வாடகை எப்போது, எவ்வளவு ஏறும் என்பது எண்ணில் இருக்க வேண்டும். "ஊர் நிலவரப்படி" என்று எழுதவிடாதீர்கள்.

மின்சாரம் தனி மீட்டரா, வீட்டுக்காரர் மீட்டரிலிருந்து பிரித்துவிட்ட துணை மீட்டரா என்று பாருங்கள். வீட்டு மின் இணைப்பு ஒன்றுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். துணை மீட்டர் என்றால் அந்த 100 வீட்டுக்காரர் கணக்கில் போய்விடும், உங்களுக்கு யூனிட்டுக்கு ஒரே விலை போடுவார்கள். தனி இணைப்பு இல்லாத வீட்டை எடுத்தால், யூனிட் விலையை ஒப்பந்தத்தில் எழுதி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அசல் பில்லைப் பார்க்கும் உரிமையையும் எழுதுங்கள்.

ராமேசுவரத்துக்கு மட்டும் ஒரு வரி. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும்போது, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓர் அறையின் ஒருநாள் வாடகை நீங்கள் மாதம் கொடுப்பதை நெருங்கும். "நாலு நாள் மட்டும் ஊருக்குப் போயிட்டு வாங்களேன், ஒரு ரூமை யாத்திரைக்காரங்களுக்கு விட்டுக்கிறேன்" என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. பிரியமாகத்தான் கேட்பார்கள். உங்கள் சாமான் இருக்கும் வீட்டில் முகம் தெரியாதவர் தங்குவதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டியதில்லை. "வாடகைக் காலத்தில் வீட்டின் எந்தப் பகுதியையும் வேறு எவருக்கும் உரிமையாளர் தற்காலிகமாகக்கூட விடக் கூடாது" என்று எழுதிவிட்டால் கேள்வியே வராது. அதேபோல நீங்களும் அவர் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. அது வீட்டைக் காலி செய்யச் சொல்லச் சரியான காரணம்.

குடும்பம் மீன்பிடி வருமானத்தில் ஓடுகிறது என்றால் இன்னொரு வரி. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாத வாடகையை ஜூலை முதல் தவணையாகக் கொடுப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். காரணம் சும்மா இல்லை. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, கேட்டு நோட்டீஸ் வந்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாமல் இருந்தால், அதுவே வெளியேற்றக் கேட்பதற்கான காரணமாகிவிடும். தடைக்காலம் கச்சிதமாக இரண்டு மாதம்.

சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்குவதற்கு முன், அறை அறையாக வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். துருப்பிடித்த ஜன்னல் கம்பியையும் உதிர்ந்த பூச்சையும் கிட்டத்தில் காட்டுங்கள். மீட்டர் எண்ணையும்.

குடியிருக்கும்போது

வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. வங்கி வழியாகச் செலுத்தினால் அந்தப் பதிவே ஆதாரம். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆனால் கீழ்வீட்டில் வீட்டுக்காரர், மேல்வீட்டில் நீங்கள் என்று இருக்கும்போது, மொட்டை மாடியில் கருவாடு காயவைக்க அவர் அம்மா ஏறி வருவதற்கெல்லாம் சட்டம் பேசினால் நன்றாக இருக்காது. மாடி யாருக்கு, எப்போது என்று வாயால் பேசிக்கொள்வதே போதும். வீட்டுக்குள் நுழைவது வேறு, மாடிப்படி வேறு.

உரிமையாளர் தரப்பிலும் எல்லாரும் பணக்காரர் இல்லை. மேல்மாடி வாடகையை வைத்தே குடும்பம் நடத்தும் விதவைத் தாய்மார்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறார்கள். தேதி தவறாமல் வாடகை கொடுக்கிறவருக்கு மோட்டார் ஒரே நாளில் சரியாகும்.

சண்டை வந்தால்

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களைக் கிளப்பப் பார்ப்பது சட்டப்படி தடை. வாடகை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. வாடகையை வாங்க மறுத்து, பாக்கி என்று காட்டப் பார்ப்பது பழைய தந்திரம். மணியார்டரோ வங்கியோ வழியாக அனுப்புங்கள், தொடர்ந்து திரும்பி வந்தால் அந்தத் தாள்களோடு வாடகை அதிகாரியிடம் கட்டிவிடலாம். ஒரு மாதம்கூட விட்டுவிடாதீர்கள்.

நகர்ப்புறச் சட்டம் பொருந்தும் வீடு என்றால், காலி செய்யச் சொல்லி உத்தரவு போட வாடகை நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம். நீங்கள் வெளியே போன நேரம் பூட்டு மாற்றுவது, சாமானைத் தூக்கி வெளியே வைப்பது எதுவும் செல்லாது. அப்படி நடந்தால் அன்றே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊராட்சிப் பகுதி வீடு என்றால், மாத வாடகைக் குடியிருப்பை முடித்துக்கொள்ள 15 நாள் நோட்டீஸ் வேண்டும். நோட்டீஸுக்குப் பிறகும் உங்களைக் கிளப்ப அவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் தரப்பிலும் ஓர் எச்சரிக்கை. ஒப்பந்தக் காலம் முடிந்து, காலி செய்யச் சொல்லியும் போகாமல் உட்கார்ந்திருந்தால் இரட்டை வாடகை கேட்க நகர்ப்புறச் சட்டம் உரிமையாளருக்கு வழி வைத்திருக்கிறது.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் எத்தனை மாத அறிவிப்பு என்று இருக்கிறதோ அதை எழுத்தில் கொடுங்கள். சொல்லிவிட்டேன் என்பது போதாது. கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இங்கே சகஜம். வீட்டுக்காரரும் சம்மதித்தால் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாக்கியாகிவிடும்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், நீங்கள் போகும் தேதியில் மீட்டரைப் படம் எடுத்து அதுவரைக்கும் கணக்குப் போட்டுக் கட்டிவிடுங்கள். வெள்ளையடிக்கும் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கமாக இருக்கிறது. அட்டவணைப்படி வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு, ஒப்பந்தத்தில் நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால் தவிர. அதையும் கையெழுத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பிக்கும் பெயர்ந்த பூச்சுக்கும் உங்களிடம் பிடிக்க முடியாது. குடிவந்த அன்று எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். சாவியைக் கொடுக்கும்போது "வீட்டை ஒப்படைத்தேன், பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அட்வான்ஸுக்கான ஒரு மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். ஒத்தி வீடு என்றால் பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகே சாவியும், அடமான ரத்துப் பத்திரத்தில் கையெழுத்தும்.